ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்குப் போட்டதில் வந்த வினை

696 பவுண்டு 65 பென்ஸ். லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைக்குப் பழைய பொருள் பொறுக்கப் போன ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு நான் கொடுத்த விலை இது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய எழுபதாயிரம் ரூபாய். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் எனக்கு அது கிட்டத்தட்ட அரை மாதச் சம்பளம். இந்தக் கதை தெரிந்த பிறகும் இரண்டு குடும்பத்தினர் என்னிடம் "எந்தப் பக்கம் இறங்கினா நல்ல பொருள் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள், அதுவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய்விட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அமராவதியில் தண்ணீர் வற்றியதும் மணலைச் சலித்து அரிக்கிறவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பொன்துகள் கிடைக்கும், சில சமயம் காசும் கிடைக்கும் என்று அப்பா சொல்வார். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சேரர் பெயர் பொறித்த காசுகளும், ரோமானியர் காசுகளும் அந்த ஆற்று மணலில்தான் கிடைத்தன என்று பள்ளியில் தமிழாசிரியர் சொன்னபோது, நம்ம ஆத்துலயா என்று வாயைப் பிளந்தோம். நானும் தோழிகளும் எத்தனையோ சாயங்காலம் துழாவிப் பார்த்தோம். கண்ணாடி வளையல் துண்டுதான் கிடைத்தது. அந்த நமைச்சல் என்னை விட்டுப் போகவே இல்லை போலிருக்கிறது. 2019-இல் லண்டன் வந்து ஈஸ்ட்ஹாமில் குடியேறி, கொரோனா அடைப்பில் வீட்டிலேயே கிடந்த நாட்களில் தேம்ஸ் கரையில் ஆட்கள் குனிந்து குனிந்து பொருள் எடுக்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர்களுக்கு இங்கே மட்லார்க் என்று பெயர். நூற்றைம்பது, இருநூறு வருடத்துக்கு முன்னால் சேற்றில் இறங்கி நிலக்கரித் துண்டும் ஆணியும் கயிறும் பொறுக்கி விற்று வயிறு கழுவிய ஏழைகளுக்கு இருந்த பெயர் அது. இப்போது அது பொழுதுபோக்கு.

தேம்ஸைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் ஊர் ஆறுகளை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் புரியாது. லண்டன் ஊருக்குள்ளேயே அது கடல் மாதிரி நடந்துகொள்ளும். நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லண்டன் பாலத்தருகே ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் ஏழு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும், அதாவது இரண்டு மாடி உயரம். வற்றும்போது இரு பக்கமும் கல்லும் சேறுமாகக் கரை வெளியே வரும். ரோமானியர் ஊரைக் கட்டிய காலம் தொட்டு இரண்டாயிரம் வருடமாக லண்டன்காரர்கள் கொட்டியதும் தொலைத்ததும் அதில் கிடக்கிறது. சேற்றுக்குள் காற்றுப் புகாததால் தோலும் மரமும்கூட நூற்றாண்டுக் கணக்கில் மக்காமல் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தின் மறுபாதியை யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் தப்பு, அனுமதி வாங்காமல் போனது. சத்தியமாகத் தெரியாது என்று சொன்னால் பொய். வீடியோவில் அனுமதி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தது. அது தோண்டுகிறவர்களுக்கும் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கும்தான், நாம் சும்மா கண்ணால் பார்த்துப் பொறுக்கத்தானே போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. மேற்கே டெடிங்டனிலிருந்து கிழக்கே வெள்ளத்தைத் தடுக்கும் கதவுகள் உள்ள தேம்ஸ் தடுப்பு வரைக்கும் எந்தக் கரையில் எதைத் தேடினாலும், குனிந்து ஒரு ஓட்டாஞ்சில்லை எடுத்தாலும், லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். சாதாரணச் சீட்டு வைத்திருப்பவர் ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் கிளறக் கூடாது. குவீன்ஹித் என்ற பழைய படகுத்துறை மாதிரி சில இடங்களில் சீட்டு இருந்தாலும் கை வைக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு என்னைப் போல வீடியோ பார்த்துக் கிளம்பியவர்கள் கூட்டம் தாங்காமல் 2022 நவம்பரில் புதிய விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு காத்திருப்போர் பட்டியல் வைத்தார்கள், அதில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். நான் இறங்கியது 2023 ஏப்ரலில். கேட்டிருந்தாலும் அப்போது கிடைத்திருக்காது. அதனால்தான் கேட்காமல் போனேனோ என்னவோ.

இரண்டாவது தப்புதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. தண்ணீர் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று முன்கூட்டியே அட்டவணை உண்டு. அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீனிச் நேரத்தில் இருக்கும், கோடைக்காலத்தில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவதால் அட்டவணையில் இருப்பதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பொறுப்பாகக் குறித்துவைத்துக்கொண்டேன். ஆனால் நான் பார்த்தது அச்சிட்ட அட்டவணை இல்லை, ஃபோனில் ஒரு ஆப். அது அந்த ஒரு மணி நேரத்தைத் தானே கூட்டித்தான் காட்டும். 10.35-க்கு அடிமட்டம், அதாவது தண்ணீர் முழுக்க வற்றி நிற்கும் நேரம், என்று அது சொன்னது. நான் மேலும் ஒன்று கூட்டி 11.35 என்று வைத்துக்கொண்டேன். அடிமட்டத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு ஏறிவிடலாம் என்பது திட்டம். நீங்கள் போவதாக இருந்தால், முதலில் உங்கள் ஆப் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். அதைவிட எளிது, போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது. கல் நனைந்தால் கிளம்ப வேண்டியதுதான். வற்றிக்கொண்டிருக்கும்போது தேடி, அடிமட்டம் வந்ததும் படிக்கட்டுப் பக்கம் நகர ஆரம்பிப்பதுதான் அனுபவசாலிகள் செய்வது. ஏற ஆரம்பித்த பிறகு தேடுவது இல்லை.

கிழக்கு லண்டனில் ஆற்றங்கரையில் இருக்கும் வாப்பிங்கில் இறங்கினேன். பழைய கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமான சந்து, அதன் முடிவில் கல்படிகள் நேரே ஆற்றுக்குள் போகும். கீழ்ப் படிகளில் பாசி பச்சையாக வழுக்கியது. பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கர்ப்பிணிப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்குவது மாதிரி இறங்கினேன். கையுறை போடவில்லை. அது மூன்றாவது தப்பு. புதிதாக வாங்கிய 45 பவுண்டு ரப்பர் பூட்ஸ் மட்டும் ஜோராகப் போட்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு அன்று ஷிஃப்ட். எங்கே போகிறேன் என்று அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார்.

கண் பழகவே அரை மணி நேரம் ஆனது. முதலில் எல்லாமே கல். அப்புறம் கல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சாக்பீஸ் துண்டு மாதிரி தெரிய ஆரம்பித்தது. மண் சுங்கான்களின், அதாவது புகைக்குழாய்களின், தண்டு. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் புகையிலை இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முந்நூறு வருடத்துக்கு மேல் புகைத்துவிட்டு எறிந்தவை. அந்தக் காலத்து பீடித்துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், கரை முழுக்க இறைந்து கிடக்கிறது. புகையிலை அடைக்கும் தலைப்பகுதி முழுசாக ஒன்றும் கிடைத்தது. என் சுண்டுவிரல் நுனிதான் அதற்குள் நுழைந்தது. புகையிலை விலை அதிகமாக இருந்த ஆரம்ப காலத்தில் தலை சின்னதாக இருக்கும், விலை இறங்க இறங்கப் பெரிதாகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இன்னொரு இடத்தில் குண்டூசிகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரே குழியில் பத்துப் பதினைந்து. நகத்தால் நிமிண்டி எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், தலை இருக்க வேண்டிய இடத்தில் மயிரிழைக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி அழுத்தியிருந்தார்கள். யாரோ உட்கார்ந்து கையால் சுற்றியது. பொத்தானும் ஜிப்பும் பரவலாவதற்கு முன் உடையின் பாதி இந்த ஊசிகளில்தான் நின்றதாம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. சேற்றில் பச்சை படிந்த ஒரு செப்புத் தகடு, உள்ளங்கை அளவு. துடைத்தால் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் தமிழில் 'ஓம்'. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சோழர் கப்பல் தேம்ஸ் வரைக்கும் வந்துவிட்டதா என்றுகூட மனம் ஒரு கணம் ஓடியது. பக்கத்தில் பார்த்தால் கட்டைவிரல் உயரப் பித்தளைப் பிள்ளையார், கொஞ்சம் தள்ளி மட்டை உரிக்காத ஒரு தேங்காய். எங்கள் ஏரியாக் கடையில் பூஜைச் சாமான் வரிசையில் தொங்கும் அதே எந்திரத் தகடு. நம் ஆட்கள் தேம்ஸைக் கங்கையாக நினைத்து விட்டவை. இந்த ஊர் மட்லார்க்குகளுக்கு இதெல்லாம் பழகிப்போன காட்சி, அவர்களில் பலர் யாரோ வேண்டிக்கொண்டு விட்டது என்று தொடாமல் போய்விடுகிறார்கள். நானும் தகட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தோல் தெரிந்தது. கறுப்பாக, ஈரமாக, சேற்றிலிருந்து நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். இழுத்திருக்கவே கூடாது, ஆனால் இழுத்தேன். சர்ரென்று முழுசாக வந்துவிட்டது. ஒரு காலணியின் அடித்தோல். பாதத்தின் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, ஓரம் முழுக்க ஊசித் துளைகள் வரிசையாக, ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே அளந்து வைத்தது போல இடைவெளி. சின்னப் பாதம், பெண்ணாகவோ பையனாகவோ இருக்கலாம். குதிகால் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. எங்கள் அம்மாவின் செருப்பு இப்படித்தான் ஒரு பக்கமாகத் தேயும். அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சேறோடு, சேறில்லாமல், படிக்கட்டைப் பின்னால் வைத்து, சுவரை வைத்து என்று இருபது முப்பது ஃபோட்டோ எடுத்தேன். கிடைத்த இடம் அந்தப் படங்களில் துல்லியமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்தபோது மணி 12.20. என் கணக்குப்படி ஏற ஆரம்பித்து முக்கால் மணிதான் ஆகியிருக்க வேண்டும். உண்மையில் ஒன்றே முக்கால் மணி நேரம். தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் மணி நேரம் சாதுவாக ஏறும், அந்தச் சாதுத்தனம்தான் ஆளைக் கொல்வது. இரண்டாவது, மூன்றாவது மணி நேரத்தில் கண் முன்னாலேயே விழுங்கிக்கொண்டு வரும். நான் நின்ற இடம் இன்னும் காய்ந்துதான் இருந்தது. ஆனால் எனக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் சுவர் ஆற்றுக்குள் துருத்திக்கொண்டிருக்கும். வரும்போது அதைச் சுற்றி வந்ததை நான் கவனிக்கவே இல்லை. இப்போது அங்கே கரை இல்லை, தண்ணீர் சுவரில் அறைந்துகொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் ஓடிப் பார்த்தேன். அங்கே ஒரு இரும்பு ஏணி, கீழ்ப் படிகள் துருப்பிடித்து உதிர்ந்து என் தலைக்கு மேலே தொங்கியது.

என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அங்கேயே, காய்ந்த இடத்தில் நின்றபடி, அவசர எண்ணான 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு', அதாவது கடலோரக் காவல், என்று கேட்டிருக்க வேண்டும். போலீஸ் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, தேம்ஸில் கோஸ்ட்கார்டுதான் உயிர்காப்புப் படகை அனுப்பும். வாட்டர்லூ பாலத்தருகே இருக்கும் படகு நிலையம்தான் நாட்டிலேயே அதிகம் அழைக்கப்படுவது. எனக்கு அது தோன்றவில்லை என்பது பாதி உண்மை. அனுமதி இல்லாமல் இறங்கியிருக்கிறோம், கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம், விசாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் மறு பாதி. தண்ணீரில் போவதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சுவரோடு ஒட்டி இறங்கினேன். முழங்கால், தொடை. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கால் இரும்பாகக் கனத்தது. ஏப்ரல் மாதத் தண்ணீர், குளிர் எலும்பில் ஏறியது. மேலே நடைபாதையிலிருந்து யாரோ ஒரு பெரியவர் "சங்கிலி! சங்கிலியைப் பிடி!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அப்போதுதான் பார்த்தேன், சுவரில் வளைவு வளைவாகச் சங்கிலி தொங்கவிட்டிருக்கிறார்கள், இதற்காகவே. பிடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பயணிகள் படகு ஒன்று வேகமாகக் கடந்தது. அது போன பிறகு, நான்கைந்து வினாடி கழித்து அலை வந்தது. இடுப்புக்கு மேல் தூக்கிச் சுவரில் மோதவிட்டது. ஜாக்கெட் பையிலிருந்த ஃபோன் போனது தெரியவே இல்லை. சங்கிலியில் பிசிறாக நின்ற இரும்பு உள்ளங்கையைக் கிழித்ததும் தெரியவில்லை. மொத்தம் நாற்பது அடி தூரம் இருந்திருக்கும். படியில் கால் வைத்ததும் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அந்தப் பெரியவர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு ஒரு வார்த்தை திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மட்டும், இந்த வாப்பிங்கில்தான் கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்டு மூன்று தடவை தண்ணீர் ஏறி இறங்கும்வரை உடலை விட்டுவைப்பார்கள், உனக்கு ஒரு தடவையே போதும் போலிருக்கிறதே என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

தோல் மட்டும் தோள் பையில் பத்திரமாக இருந்தது. அதை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து கொன்றேன்.

மேலே சொன்ன மறுபாதி இதுதான். சேற்றுக்குள் காற்றில்லாமல் பிழைத்தது, வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து சாக ஆரம்பிக்கும். தோல், மரம் எதுவானாலும் காயவிடக் கூடாது. ஈரத்தோடு மூடிய டப்பாவில் போட்டு, குளிர்ச்சியான இருட்டில் வைத்து, தெரிந்தவர்களிடம் சீக்கிரம் சேர்க்க வேண்டும். சேர்க்க வழியில்லை என்றால் எடுக்கவே கூடாது, சேற்றிலேயே விட்டுவிட வேண்டும். நான் என்ன செய்தேன்? குழாயில் நன்றாகக் கழுவி, நனைந்த துணிகளோடு அதையும் ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். மறுநாள் காலை பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. அந்தத் தேய்ந்த குதிகால் தனியாக உதிர்ந்து என் கையில் வந்தது.

கையில் காயம் இரண்டாம் நாள் வீங்கியது. தேம்ஸ் தண்ணீர் என்றதும் டாக்டர் முகம் மாறியது. மழை பெய்தால் சாக்கடை ஆற்றில் வழிந்துகொண்டிருந்த காலம் அது, எலிகளும் ஏராளம். டி.டி. ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கண் மஞ்சளோ தசைவலியோ வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே வந்து ஆற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள் என்றார். அந்த மூன்று வாரமும் தினம் காலையில் கண்ணாடியில் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை. மருந்துக்கு 9.65 பவுண்டு. கைக்கட்டோடு முதியவர்களைத் தொடக் கூடாது என்பதால் இரண்டு ஷிஃப்ட் போனது, 166. பூட்ஸில் ஒன்று ஆற்றோடு போய்விட்டது, அதனால் ஜோடியே போன கணக்கு, 45. ஃபோன் மாதத் தவணையில் வாங்கியது. இன்னும் பதினேழு மாதம் பாக்கி, மாதம் 28, ஆக 476. இல்லாத ஃபோனுக்குப் பதினேழு மாதம் பணம் கட்டுவதன் கசப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் புத்திசாலித்தனமாக இன்னொரு காரியமும் செய்தேன். வீட்டுக்காரர் ஃபோனை வாங்கி, சுங்கான் தலையையும் ஊசிகளையும் அந்தச் சுருண்ட தோலையும் படம் எடுத்து, 'இன்று கிடைத்தவை, வாப்பிங்' என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழுவில் போட்டேன். எல்லோரும் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். முதல் பின்னூட்டம், "அனுமதி இருக்கிறதா?" இரண்டாவது, "தோலை ஏன் காயவிட்டீர்கள்?" மூன்றாவதாக ஒருவர், இடத்தைப் பொதுவில் போட்டால் நாளைக்கே மண்வெட்டியோடு பத்துப் பேர் போவார்கள் என்று எழுதியிருந்தார். பதிவை நீக்கிவிட்டுப் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். கோபம் வந்தது, ஆனால் அந்த மூன்று பேர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நான்காவதாக ஒரு பெண்மணி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார், நடந்ததை மறைக்காமல் எழுதிப் பாருங்கள் என்று. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட எதைக் கண்டெடுத்தாலும் அனுமதி உள்ளவர்கள் அவரிடம்தான் காட்ட வேண்டும். தங்கம், வெள்ளி என்றால் அது புதையல் சட்டத்தில் வரும், பதினான்கு நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும், தவறினால் குற்றம்.

பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டு எழுதினேன். வரச் சொன்னார். அதட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் தோலைக் கையுறை போட்டு எடுத்து, விளக்கடியில் வைத்து, துளைகளை எண்ணினார். ட்யூடர் அரசர்கள் காலமாக, அதாவது பதினாறாம் நூற்றாண்டு வாக்கில், இருக்கலாம், வடிவம் கெட்டுப்போனதால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்த இடம்?" என்றார். வாப்பிங் என்றேன். "வாப்பிங்கில் எங்கே? படிக்கு மேற்கா, கிழக்கா? சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கத்தில் வேறு தோல் இருந்ததா? மரக்கட்டை ஏதாவது தெரிந்ததா?" எல்லாப் பதிலும் அந்த முப்பது படங்களில் இருந்தன. படங்கள் ஃபோனில் இருந்தன. ஃபோன் ஆற்றில் இருந்தது. இடம் நிறைந்துவிட்டது என்று ஃபோன் மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்ததால் எதுவும் இணையத்தில் சேமிப்பாகவும் இல்லை. பேனாவை மூடிவைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு அதட்டியதைவிட மோசமாக இருந்தது. ஒரு செருப்புத் தைப்பவர் அங்கே கடை வைத்திருந்தாரா, கப்பலிலிருந்து எறிந்ததா, வேறெங்கிருந்தோ கொண்டு வந்து கொட்டிய குப்பையா என்பதெல்லாம் அந்த ஓரடி இடத்தில்தான் இருந்தது. வெறும் தோல் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம்.

பக்கத்து ஷாட்வெல்லில் 1850-களில் பில்லி, சார்லி என்று இரண்டு பேர் இருந்த கதையை அவர்தான் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மட்லார்க்குகள். ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து, இல்லாத எழுத்துகளையெல்லாம் பொறித்து, துறைமுகம் கட்டத் தோண்டியபோது கிடைத்த பழங்காலப் பதக்கம் என்று ஆயிரக்கணக்கில் விற்றார்கள். படித்தவர்களே ஏமாந்தார்கள். பொருளை மட்டும் பார்த்து, அது எங்கே எப்படிக் கிடந்தது என்று நேரில் போய்ப் பார்க்காதவர்களை ஏமாற்றுவது சுலபம். இதில் கூத்து என்னவென்றால் அந்தப் போலிகளே இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைக் கேட்டதும் எனக்கு அமராவதிதான் ஞாபகம் வந்தது. மணல் அரித்தவர்களிடமிருந்து பழங்காசுகளைக் காசாகவே வாங்கி வைத்தவர்கள் புண்ணியத்தில் காசுகளாவது பிழைத்தன. எந்தத் துறையில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது பெரும்பாலும் போனது போனதுதான். நம் ஊரிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரிந்து நான் பார்த்ததில்லை.

இப்போதும் கரைக்குப் போகிறேன், ஆனால் எடுப்பதற்கு இல்லை. தேம்ஸ் கரைத் தொல்லியல் திட்டம் ஒன்று நடத்தும் நடைகள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் நேரம் பார்த்துக் கூட்டிப்போய், நேரம் பார்த்து ஏற்றிவிடுவார்கள். அனுமதி கிடைக்காதவர்களுக்கும் பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கும் என்னைக் கேட்டால் அதுதான் வழி. காத்திருப்போர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எப்போது வரும் என்று கேட்காதீர்கள். தனியாகப் போகும் நாள் வந்தால், இறங்கும் படி எது, அது அடைபட்டால் ஏறும் படி எது என்று இரண்டையும் முந்தின வாரமே மேலே நடந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். கையுறை, கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட ஃபோன், ஒரு நோட்டுப்புத்தகம், பென்சில். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு. அம்மாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன். "ஏங் கண்ணு, அத்தனை தூரம் போயி ஆத்துல பொறுக்கறயா?" என்று ஒரு தடவை கேட்டாரே, அது போதும்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கிளம்பும்போது, "வேறு ஏதாவது வெளிநாட்டுக்கு அனுப்பினீர்களா?" என்று சும்மா ஒரு கேள்வி கேட்டார். எனக்கு வியர்த்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஊருக்குப் போன என் கொழுந்தனாரிடம், அக்கா மகனுக்குக் காட்டச் சொல்லி மூன்று சுங்கான் தண்டு கொடுத்து அனுப்பியிருந்தேன். இந்த நாட்டு மண்ணிலிருந்து கிடைத்த ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் எதுவானாலும், காலணா பெறாததானாலும், வெளியே கொண்டுபோக உரிமம் வேண்டுமாம். அன்று இரவே கரூருக்கு ஃபோன் போட்டேன். பையன் அதற்குள் வகுப்பில் எல்லோருக்கும் காட்டியிருந்தான். கொழுந்தனார் திரும்பி வரும்போது இட்லிப் பொடிக்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்துக் கொண்டு வந்து சேர்த்தார். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மூன்றாகப் போனது நான்காக வந்திருந்தது.